குடல், மனம், மருந்து: நாட்பட்ட செரிமானக் கோளாறுகளில் காரணமும் விளைவும்

ஆய்வுச்சுருக்கம்

சோதனைகளில் புண்ணோ கட்டியோ அழற்சியோ தென்படாத நிலையில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுத் தொல்லைகளுக்கும் மனப்பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கும் உள்ள உறவை இக்கட்டுரை விளக்குகிறது. மனநிலையே குடலைக் கெடுக்கிறது என்னும் பரவலான கருத்து பாதி உண்மையே. குடலிலிருந்து மனத்தை நோக்கியும் வலுவான பாதை உண்டு. இரண்டுக்கும் தரப்படும் மருந்துகள் இவ்வுறவில் மூன்றாம் தரப்பாக நுழைந்து காரணத்தையும் விளைவையும் மேலும் கலக்கிவிடுகின்றன. வெளியான ஆய்வுகளின் துணையுடன் இவற்றை எடுத்துரைக்கும் கட்டுரை, தமிழில் வழங்கும் நோய்ப்பெயர்களும் மருந்துப்பெயர்களும் இப்புரிதலுக்கு எவ்வாறு தடையாகின்றன என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உணர்மிகு குடல் நோய், மனப்பதற்றம், மனச்சோர்வு, செரோடோனின், அமிட்ரிப்டிலின், மருத்துவக் கலைச்சொற்கள்.

முன்னுரை

தமிழ்நாட்டில் வயிற்றுத் தொல்லையுடன் மருத்துவரிடம் செல்வோர் பலர் நோயின் பெயரையும் தாமே கொண்டு செல்கின்றனர். ‘கேஸ் டிரபிள்’ என்பர். அல்லது ‘அல்சர்’ என்பர். மேல்வயிற்று எரிச்சல், உண்டவுடன் வயிறு நிறைந்துபோதல், உப்புசம், காலையில் மூன்று நான்கு முறை கழிப்பறைக்கு ஓடுதல், அல்லது மூன்று நாளாகியும் மலம் இளகாமை ஆகிய அனைத்தும் இவ்விரு பெயர்களுள் அடங்கிவிடுகின்றன. எண்டோஸ்கோப்பியும் ஸ்கேனும் இரத்தச் சோதனையும் முடிந்தபின் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லப்படுகிறது. நோயாளிக்கு இது ஆறுதலாக இருப்பதில்லை. வலி இருக்கிறது, ஒன்றுமில்லை என்கிறார்கள். அடுத்துச் சிறிய மாத்திரை ஒன்று எழுதித் தரப்படுகிறது. அது மனச்சோர்வுக்கான மருந்து என்பதை மருந்துக் கடையிலோ கைப்பேசியிலோ அறிந்துகொள்ளும் நோயாளி, தம் வலியை மருத்துவர் நம்பவில்லை என்று முடிவு செய்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார். இதற்கு மறுதலையான நிகழ்வும் உண்டு. மனச்சோர்வுக்காகவே மருந்து தொடங்கியவர் முதல் வாரத்தில் வரும் குமட்டலைத் தாங்காமல், பலன் தெரியத் தொடங்கும் முன்பே அதை விட்டுவிடுகிறார். இரு நிகழ்விலும் இழப்பு ஒன்றே: பயன் தரக்கூடிய மருந்து, விளக்கம் இன்மையால் பயனின்றிப் போகிறது.

இது சிலரின் சிக்கலன்று. 33 நாடுகளில் 73,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்று 2021இல் வெளியான ரோம் அறக்கட்டளையின் ஆய்வு, இணையவழிக் கணக்கெடுப்பில் பங்கேற்றோருள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு இவ்வகைக் கோளாறு ஏதேனும் ஒன்று இருப்பதாகக் கண்டது. இவற்றுள் பெரிதும் ஆராயப்பட்டது, ஆங்கிலத்தில் இரிடபிள் பவல் சிண்ட்ரோம் எனப்படுவது. இக்கட்டுரை அதனை ‘உணர்மிகு குடல் நோய்’ என்று குறிக்கிறது. அதற்கான காரணம் இறுதிப் பகுதியில் கூறப்படும்.

வயிற்றை நேரில் கண்டவர்கள்

உணர்ச்சி வயிற்றை மாற்றுகிறது என்பது ஊகமாக அன்றிக் காட்சியாகவே முதலில் பதிவாயிற்று. 1822இல் அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞரின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்த அவருக்கு இரைப்பையில் ஏற்பட்ட துளை மூடவேயில்லை. படை மருத்துவர் வில்லியம் போமான்ட் அத்துளை வழியாகப் பல ஆண்டுகள் செரிமானத்தைக் கவனித்து 1833இல் நூலாக வெளியிட்டார். சினமுற்றபோது செரிமானம் குலைவதையும் அதில் அவர் குறித்துள்ளார். அந்த இளைஞர் இச்சோதனைகளை விரும்பி ஏற்றவர் அல்லர். பலமுறை விலகிச் சென்றவர். அவருடைய சினத்தைத் தூண்டச் சோதனைக்கு வெளியே காரணம் தேட வேண்டியிருந்திராது.

ஹார்வர்டில் வால்டர் கேனன் 1890களின் இறுதியில் பூனைகளுக்கு பிஸ்மத் கலந்த உணவளித்து, அப்போது புதிதாயிருந்த எக்ஸ்-கதிர் கொண்டு இரைப்பையின் அசைவைக் கண்டார். பூனை அமைதி இழந்து சீறும்போது அசைவு நின்றது, அமைதியானதும் மீண்டது. பின்னர் நியூயார்க்கில் ஸ்டூவர்ட் உல்ஃபும் ஹெரால்டு உல்ஃபும், இரைப்பையில் நிலையான துளையுடன் வாழ்ந்த ‘டாம்’ என்பவரை ஆராய்ந்து 1943இல் நூல் வெளியிட்டனர். டாம் சினமுற்றபோது இரைப்பையின் உட்சுவர் சிவந்து அமிலம் மிகுந்தது; அஞ்சியபோதும் துயருற்றபோதும் அச்சுவர் வெளிறிச் சுரப்புக் குறைந்தது. ‘மன அழுத்தம்’ என்ற ஒற்றைச் சொல்லில் சினத்தையும் அச்சத்தையும் சோர்வையும் அடக்கிவிடும் இன்றைய பேச்சுவழக்கைவிட இந்தப் பழைய பதிவு நுட்பமானது. வெவ்வேறு உணர்ச்சிகள் வயிற்றில் எதிரெதிர் விளைவுகளை உண்டாக்கக்கூடும் என்பதை அது காட்டிற்று.

இரைப்பைப் புண் கற்பித்தது

இக்காட்சிகளிலிருந்து அடுத்த தலைமுறை ஓரடி கூடுதலாகத் தாண்டியது. சிகாகோவின் உளப்பகுப்பாய்வாளர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் 1950இல் வெளியிட்ட நூலில், உளமோதல்களால் வரும் நோய்களுள் இரைப்பைப் புண்ணும் இடம்பெற்றது. பிறரைச் சார்ந்திருக்கும் விருப்பத்தை அடக்கி வைத்தவர்க்கே புண் வரும் என்பது போன்ற விளக்கங்கள் பரவின. ‘டென்ஷனால் அல்சர்’ என்னும் தொடர் தமிழ்ப் பேச்சில் இன்றும் உலவுவதற்கு இக்காலக் கருத்துகளின் எச்சமும் ஒரு காரணம் எனலாம்.

1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரை வளர்த்துக் காட்டினர். மார்ஷல் அதைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலான இரைப்பைப் புண்களுக்கு இந்நுண்ணுயிரோ வலிநிவாரணி மாத்திரைகளோ காரணம் என்பது இன்று தெளிவு. பல ஆண்டுகள் ‘மனத்தை அமைதிப்படுத்துங்கள்’ என்ற அறிவுரை மட்டும் பெற்றோர் உண்மையில் தேவைப்பட்ட ஆன்டிபயாட்டிக் இல்லாமல் வாழ்ந்தனர்.

இவ்வரலாற்றைத் தவிர்த்துவிட்டுக் குடல்–மனம் உறவைப் பேசுவது நேர்மையாகாது. மனத்தைக் காரணம் காட்டுவது மருத்துவத்தில் எளிது; அதனாலேயே அது தவறான இடத்தில் நுழையவும் எளிது. எடைக்குறைவு, மலத்தில் இரத்தம், இரத்தச்சோகை, உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் தொல்லை, குடும்பத்தில் குடற்புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்றிருப்பினும் பதற்றத்தைப் பற்றிய பேச்சுக்கு முன் உடற்சோதனை வேண்டும் என்னும் விதி இந்தப் பாடத்தைக் கருத்திற்கொண்டது. பதற்றம் உடையவருக்கும் புற்றுநோய் வரும்.

வாக்கர்டன்: ஓர் ஊரும் ஒரே தண்ணீரும்

நுண்ணுயிர் ஒருபுறம், மனம் மறுபுறம் என்று பிரித்து வைக்கும் பழக்கத்தை அசைத்தது கனடாவின் ஒரு சிற்றூர். ஒன்டாரியோ மாநிலத்திலுள்ள வாக்கர்டனில் ஏறத்தாழ 5,000 பேர் வாழ்ந்தனர். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் பெய்த கனமழையின்போது கால்நடைச் சாணம் கலந்த நீர் ஊரின் குடிநீர்க் கிணற்றில் சேர்ந்தது. குளோரின் கலப்பும் கண்காணிப்பும் முறையாக நடைபெறாததால் ஈ.கோலை, காம்பைலோபாக்டர் ஆகிய நுண்ணுயிர்கள் குழாய் வழியே வீடுகளுக்குள் சென்றன. ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர். 7 பேர் இறந்தனர்.

துயரம் அடங்கியபின் மருத்துவ ஆய்வாளர்கள் அவ்வூர் மக்களைத் தொடர்ந்து கவனித்தனர். முன்பு குடற்கோளாறு இல்லாதிருந்தோரை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் நிலையை ஆராய்ந்தனர். அந்த மே மாதத்தில் நோயுறாதவர்களுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கும், மருத்துவச் சான்றுகளின்படி நோயுற்றவர்களுள் ஏறத்தாழ 36 விழுக்காட்டினருக்கும் உணர்மிகு குடல் நோய் இருந்தது. கிருமி உடலை விட்டு அகன்று நெடுநாளாகியும் குடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பின் பாதிக்கப்பட்டோரிடையே நோயின் அளவு 28 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாகக் குறைந்திருந்தது.

யாருக்கு இந்நோய் நிலைத்தது என்னும் கேள்விக்கு 2010இல் வெளியான பகுப்பாய்வு தந்த விடை இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானது. பெண்ணாயிருத்தல், இளவயது, தொற்றின்போது காய்ச்சலோ எடையிழப்போ ஏற்படும் அளவுக்கு நோய் கடுமையாயிருத்தல் ஆகியவற்றோடு, தொற்றுக்கு முன்பே மனப்பதற்றமோ மனச்சோர்வோ இருந்தமையும் தனித்த இடர்க்காரணியாக வெளிப்பட்டது. பதற்றம் கிணற்றில் கிருமியைச் சேர்க்கவில்லை. காய்ச்சலின் கடுமை போன்ற உடல்சார்ந்த அளவையும் பழைய மனச்சோர்வும் ஒரே பட்டியலில் அருகருகே நிற்கின்றன. ‘இந்நோய் உடலைச் சார்ந்ததா, மனத்தைச் சார்ந்ததா?’ என்ற வினாவை வாக்கர்டனில் கேட்டால் அதற்குப் பொருளே இல்லாமற் போகிறது.

குடலில் நிலைத்த மாற்றம் யாதென்பதற்கு ஒரு விடை முன்பே கிடைத்திருந்தது. 1973இல் ரிட்சி என்னும் ஆய்வாளர், பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சிறு பலூனைச் செலுத்திக் காற்றடைத்தார். 60 மில்லி லிட்டர் அளவுக்கு ஊதியபோது நோயற்றோருள் 6 விழுக்காட்டினரே வலித்தது என்றனர். நோயுற்றோருள் 55 விழுக்காட்டினர் வலித்தது என்றனர். குடலில் புண் இல்லை. காற்றின் அளவும் ஒன்றே. அதை உணரும் அளவு வேறு. உப்புசம் என்று முறையிடுவோர் பலரின் வயிற்றில் காற்று மிகுந்திருப்பதில்லை, அதைப் பொறுக்கும் எல்லை தாழ்ந்திருக்கிறது என்பதை ‘கேஸ்’ என்னும் பெயர் மறைத்துவிடுகிறது.

எது முதல்?

ஆஸ்திரேலியாவில் நட்டாஷா கொலோஸ்கியும் நிக்கோலஸ் டாலியும் பிறரும் பொதுமக்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, முடிவுகளை 2012இல் வெளியிட்டனர். தொடக்கத்தில் பதற்றம் மிகுந்திருந்தவர்களுக்குப் பின்னாளில் குடற்கோளாறு வரும் வாய்ப்பு மிகுந்திருந்தது. தொடக்கத்தில் குடற்கோளாறு மட்டும் இருந்தவர்களுக்குப் பின்னாளில் பதற்றமும் சோர்வும் மிகுந்தன. 2016இல் வெளியான அவர்களின் மற்றோர் ஆய்வு, இரண்டும் உள்ளவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மனநிலைக் கோளாறு முந்தியதாகவும் மூன்றில் இரு பங்கினருக்குக் குடற்கோளாறே முந்தியதாகவும் மதிப்பிட்டது. பலருக்கு வயிறுதான் தொடக்கம். பேருந்தில் ஏறினால் கழிப்பறை கிடைக்குமா என்று நாள்தோறும் எண்ண வேண்டியவர், திருமண வீட்டில் உண்ண அஞ்சுபவர், தேர்வறையில் கடைசி வரிசையைக் கேட்டு வாங்குபவர் ஆகியோருக்குப் பதற்றம் வருவதில் வியப்பில்லை.

இவ்விரு வழிப் போக்குவரத்துக்கு உடலில் கட்டமைப்பு உண்டு. 1921இல் ஆங்கிலேய உடலியங்கியலாளர் லாங்லி தன்னியக்க நரம்பு மண்டலத்தின் மூன்றாம் பிரிவாகக் குடல் நரம்பு மண்டலத்தைத் தனியே வகைப்படுத்தினார். மூளையின் கட்டளை இல்லாமலும் அது குடலை இயக்கவல்லது. மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பில் பெரும்பகுதி இழைகள், ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்பவை. மூளை வயிற்றுக்குச் சொல்வதைவிட வயிறு மூளைக்குச் சொல்வதே மிகுதி.

செரோடோனினின் கதையும் குடலில்தான் தொடங்குகிறது. இத்தாலியர் விட்டோரியோ எர்ஸ்பாமர் 1930களில் முயலின் இரைப்பைச் சவ்விலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் இரத்தத்திலிருந்து பிரிக்கப்பட்ட செரோடோனினும் அதுவும் ஒன்றே என்பது 1952இல் தெளிவாயிற்று. உடலிலுள்ள செரோடோனினில் 90 விழுக்காட்டுக்கு மேல் குடலில் இருக்கிறது. உணவு குடற்சுவரை அழுத்தும்போது சுவரிலுள்ள சிறப்பணுக்கள் அதை வெளியிட, நரம்புகள் தூண்டப்பட்டுக் குடல் அசைகிறது. அளவு மிகுந்தால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் நேர்கின்றன. இவ்விடத்தில் வெகுசன இதழ்கள் பரப்பும் ஒரு பிழையைச் சுட்ட வேண்டியுள்ளது. ‘மகிழ்ச்சி ஹார்மோன் குடலில் உற்பத்தியாகிறது, ஆகவே நல்ல உணவால் மனம் மகிழும்’ என்று எழுதப்படுகிறது. குடலில் உண்டாகும் செரோடோனின் இரத்த–மூளைத் தடுப்பைக் கடந்து மூளைக்குள் செல்வதில்லை. மூளை தனக்கானதைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே வேதிப்பொருள் வெவ்வேறு பணிகளைச் செய்கிறது; மருந்துக்கோ இந்த இரண்டு இடங்களையும் பிரித்தறியத் தெரியாது.

மூன்றாம் தரப்பு: மருந்து

மனச்சோர்வுக்கு இன்று முதலில் தரப்படும் மருந்து வகை, நரம்பணுக்கள் செரோடோனினைத் திரும்ப உறிஞ்சுவதைத் தடுப்பது. 1987 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபுளூவாக்செட்டின் இவ்வகையில் புகழ் பெற்றது. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் முதலியன பின்வந்தவை. விழுங்கிய மாத்திரை மூளையை அடையும் முன் குடலில் கரைகிறது. குடல் நரம்புகளிலும் அதே உறிஞ்சுதல் தடைபடுவதால் முதல் ஓரிரு வாரங்களில் குமட்டல், வயிறு கலங்குதல், இளகிய மலம் ஆகியன பலருக்கு வருகின்றன. செர்ட்ராலின் வயிற்றுப்போக்கையும், பராக்செட்டின் மலச்சிக்கலையும் ஒப்பீட்டளவில் மிகுதியாக உண்டாக்குகின்றன. மனநிலையில் தெளிவான மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்களோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே துன்பம் முதலில் வருகிறது, பயன் பின்னர் வருகிறது. தம் வயிற்றின் ஒவ்வோர் அசைவையும் கவலையுடன் கவனித்துப் பழகிய நோயாளிக்கு இந்த இடைவெளி மிக நீளமானது. இக்குமட்டல் பெரும்பாலும் தணிந்துவிடும் என்பதை முன்கூட்டியே கூறுவதற்கு ஒரு நிமிடம் போதும். கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில் அந்த ஒரு நிமிடமே அரிது. மருந்தைத் திடீரென நிறுத்தினாலும் குமட்டல், தலைச்சுற்றல், வயிற்றுப்போக்கு ஆகியன வரக்கூடும் என்பதால், நிறுத்தியவர் ‘நோய் மீண்டும் வந்துவிட்டது’ என்று எண்ண இடமுண்டு.

பழைய டிரைசைக்ளிக் வகை மருந்துகள் மற்றொரு வழியில் குடலைத் தொடுகின்றன. சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் குன் 1957இல் இமிப்ரமின் பற்றி வெளியிட்ட கட்டுரையோடு இவ்வகை அறிமுகமாயிற்று. அசெட்டைல்கோலின் என்னும் நரம்புவேதிப்பொருளின் செயலைத் தடுப்பதால் வாய் உலர்கிறது, குடல் மெதுவாகிறது, மலம் இறுகுகிறது. உளச்சிதைவுக்குத் தரப்படும் குளோசபின் இதில் மிகக் கடுமையானது. அதனால் வரும் மலச்சிக்கல் குடலடைப்பாக முற்றி உயிரிழப்பில் முடிந்ததுண்டு; அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இதற்கான எச்சரிக்கையை வலுப்படுத்தியது. மலச்சிக்கலைக் கேட்கத் தகாத சிறு செய்தியாகக் கருதும் நாணம், இம்மருந்து உண்பவர் வகையில் ஆபத்தானது. இருமுனை மனநிலைக் கோளாறுக்கான லித்தியத்திலோ வயிற்றுப்போக்கும் வாந்தியும் மருந்தின் அளவு நச்சு எல்லையைத் தொட்டதன் அறிகுறியாக இருக்கலாம். கோடையில் வயிற்றுப்போக்கால் உடலில் நீர் குறைந்தாலும் லித்தியத்தின் அளவு உயரும். இங்கும் காரணமும் விளைவும் ஒன்றையொன்று துரத்துகின்றன.

மருந்தால் குடல் கெடுவது பரவலாக அறியப்பட்டது. வயிற்றுக்கான மருந்தால் மனமும் மூளையும் தாக்குறுவது அவ்வளவு பேசப்படுவதில்லை. வாந்தியை நிறுத்தும் மெட்டோகுளோபிரமைடு டோபமின் தடுப்பி. அது மூளைக்குள்ளும் செல்வதால் இருப்புக்கொள்ளாத அலைக்கழிவையும் மனச்சோர்வையும் சிலருக்கு உண்டாக்குகிறது. நெடுநாள் உட்கொண்டால் முகத்திலும் நாவிலும் கட்டுக்கடங்கா அசைவுகள் தோன்றக்கூடும் என்பதால் 2009இல் அமெரிக்காவில் அதன் உறையில் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. இந்தியாவில் செரிமானக் கோளாறுக்கு அமிலக்குறைப்பு மருந்தோடு சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கப்படும் லெவோசல்பிரைடும் டோபமின் தடுப்பியே. உளச்சிதைவு மருந்துகளின் வேதிக்குடும்பத்தைச் சேர்ந்தது. முதியோருக்குக் கைநடுக்கமும் உடல் இறுக்கமும், பெண்களுக்கு மாதவிடாய்த் தவறுதலும் அதனால் வரலாம். ‘கேஸ் மாத்திரை’ என்று கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் உண்பவர் இவற்றை அம்மாத்திரையோடு தொடர்புபடுத்துவதில்லை. உணர்மிகு குடல் நோய்க்கென இங்கு வழங்கும் சில கூட்டு மாத்திரைகளில் குளோர்டயசிபாக்சைடு உள்ளது. அது பதற்றத்தைத் தணிக்கும் பென்சோடயசிபைன் வகை, பழக்கமாகிவிடும் இயல்புடையது. மனநல மருத்துவரிடம் செல்ல மறுக்கும் ஒருவர், தாம் அறியாமலே மனநல மருந்தை வயிற்று மருந்தாக உண்டுகொண்டிருக்கக்கூடும்.

அமிலக்குறைப்பு மருந்துகளும் இவ்வட்டத்துக்கு வெளியே இல்லை. டென்மார்க்கில் வயிற்றுத் தொல்லை எதுவுமில்லாத 120 தன்னார்வலர்களிடம் நடத்தப்பெற்று 2009இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோலும் அடுத்த நான்கு வாரம் வெற்று மாத்திரையும் தரப்பட்டன. மற்றப் பிரிவினருக்குப் பன்னிரண்டு வாரமும் வெற்று மாத்திரையே. கடைசி நான்கு வாரங்களில் முதற்பிரிவினருள் 44 விழுக்காட்டினருக்கு எரிச்சல் முதலிய அறிகுறிகள் தோன்றின; மற்றப் பிரிவில் 15 விழுக்காட்டினருக்கே தோன்றின. நோயே இல்லாதவரிடம் மருந்தை நிறுத்தியமையே நோய்போல் தோன்றியது. பதற்றமுடைய நோயாளி இதை ‘அல்சர் மீண்டும் வந்துவிட்டது’ என்று படிப்பார். மாத்திரை மீண்டும் தொடங்கும்.

குடலின் செரோடோனினை நேரடியாகக் குறிவைத்த முயற்சியும் எளிதாக அமையவில்லை. வயிற்றுப்போக்கு மிகுந்த பெண் நோயாளிகளுக்காக 2000 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அலோசெட்ரான், குடலுக்குக் குருதி குறைதல், கடும் மலச்சிக்கல் ஆகியவற்றால் அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. மாற்று இன்றித் தவித்த நோயாளிகளின் வேண்டுகோள் இதில் பெரும்பங்கு வகிக்க, 2002இல் கடும் கட்டுப்பாடுகளுடன் அது மீண்டும் வந்தது. ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லப்பட்ட ஒரு நோய்க்கு, ஆபத்தான மருந்தையும் வேண்டிப் பெறும் அளவுக்கு மக்கள் துன்புற்றிருந்தனர்.

மனச்சோர்வு மருந்து வயிற்றுக்கு ஏன்?

இவ்வளவு தொல்லை தரும் மருந்துகளை வயிற்றுக்கென்றே தருவது முரணாகத் தோன்றலாம். இரு ஆய்வுகள் இதைத் தெளிவாக்குகின்றன.

வட அமெரிக்காவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, புண் இல்லாத நாட்பட்ட செரியாமை உடைய 292 பேரை மூன்றாகப் பிரித்தது. போதிய நிவாரணம் பெற்றோர் அமிட்ரிப்டிலின் பிரிவில் 53 விழுக்காடு. எஸ்சிட்டலோபிராம் பிரிவில் 38. வெற்று மாத்திரைப் பிரிவில் 40. மனச்சோர்வு மருந்துகளாக இரண்டும் வல்லவையே. மனம் தெளிவதால்தான் வயிறு தெளிகிறது என்றால் இரண்டும் ஒரே அளவு பயன் தந்திருக்க வேண்டும். வெற்று மாத்திரை உண்டவருள் பத்தில் நால்வர் நலமுற்றமையும் இங்குக் கருதத்தக்கது. கவனித்துக் கேட்கப்படுவதும் இந்நோயில் மருந்தாகிறது.

இரண்டாவது, இங்கிலாந்தின் 55 பொது மருத்துவ நிலையங்களில் 463 பேரிடம் நடந்து 2023இல் லான்செட் இதழில் வெளியான அட்லாண்டிஸ் ஆய்வு. முதல்நிலைச் சிகிச்சையால் குணமாகாத உணர்மிகு குடல் நோயாளிகளுக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லி கிராமில் தொடங்கி 30 வரை தரப்பட்டது. மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரப்படும் அளவு 75க்கு மேல். ஆறு மாதங்களில் குடல் அறிகுறிகள் வெற்று மாத்திரையைவிடத் தெளிவாகக் குறைந்தன. பதற்ற, மனச்சோர்வு அளவீடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மனநிலை மாறாமலே வயிறு தேறியது. ரிட்சியின் பலூன் காட்டிய தாழ்ந்த வலியெல்லையை இம்மருந்து உயர்த்துகிறது, குடலின் வேகத்தையும் குறைக்கிறது என்று கொள்ளலாம். வயிற்றுப்போக்கு உடையவருக்கு மலமிறுக்கும் பக்கவிளைவே பயனாகவும் ஆகிறது. மலச்சிக்கல் உடையவருக்கு அதே குணம் தீங்கு. ‘பக்கவிளைவு’ எது, ‘விளைவு’ எது என்பதைக் குடலின் நிலையே முடிவு செய்கிறது.

மருந்தில்லா வழிகளும் உண்டு. மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் 1984இல் 30 நோயாளிகளிடம் குடலை நோக்கிய மனோவசியச் சிகிச்சையின் பயனைக் காட்டினார். அறிதல்–நடத்தைச் சிகிச்சைக்கும் நல்ல சான்றுகள் உள்ளன.

பெயர்களின் சிக்கல்

தமிழில் அச்சத்துக்கும் ஆற்றாமைக்கும் வயிறே இடம். வயிற்றில் புளி கரைகிறது, வயிறு கலங்குகிறது, பிறர் வாழ்வு கண்டு வயிறு எரிகிறது. இவ்வழக்குகளைக் கொண்டு ‘நம் முன்னோர் குடல்–மூளை அச்சை அன்றே அறிந்திருந்தனர்’ என்று முடிவு கட்டுவது மிகை. பிற மொழிகளிலும் இத்தகைய வழக்குகள் உள. அவை அனுபவத்தின் பதிவுகள், உடலியங்கியல் கொள்கைகள் அல்ல. சித்த மருத்துவத்தில் வழங்கும் குன்மம் என்னும் சொல் இன்னும் கவனத்துக்குரியது. யூகி முனிவர் பெயரில் வழங்கும் வைத்திய சிந்தாமணி அதை எட்டாக வகுக்கிறது. வடமொழிக் குல்மத்தின் தமிழ் வடிவம் அது எனினும், உடலையும் மனத்தையும் குன்றச் செய்வது என்று சித்த மருத்துவ மரபில் அதற்குப் பொருள் விரிப்பதுண்டு. சொற்பிறப்பாக ஏற்க இயலாவிடினும், நோயைக் கண்டவர்களின் கவனிப்பாக அவ்விளக்கம் மதிக்கத்தக்கது.

இன்றைய கலைச்சொற்களில் இக்கவனிப்பு இல்லை. இரிடபிள் பவல் சிண்ட்ரோம் என்பதற்கு ‘எரிச்சல் குடல் நோய்’, ‘குடல் எரிச்சல் நோய்க்குறி’ முதலிய ஆக்கங்கள் வழங்குகின்றன. மூலச் சொல்லின் முற்பகுதி உடலியங்கியலில் சிறு தூண்டலுக்கும் மிகையாக எதிர்வினை ஆற்றும் தன்மையைக் குறிக்கும். தமிழில் எரிச்சல் என்றால் காந்தல். எரிச்சல் குடல் என்று கேட்கும் நோயாளி அமிலத்தை நினைக்கிறார். அமிலக்குறைப்பு மாத்திரையைத் தேடுகிறார். காரத்தையும் புளியையும் விலக்கிவிட்டுக் காத்திருக்கிறார். நோய் இருப்பதோ பெரிதும் கீழ்க்குடலில். சுருக்கப்பெயரை நாடினாலும் தீர்வில்லை: தமிழெழுத்தில் அது ஐ.பி.எஸ். என்று ஆகி, காவல்துறை உயர்பணியோடு கலந்துவிடுகிறது. உணர்மிகு குடல் நோய் என்னும் ஆக்கம் குறையற்றது அன்று. எனினும் பலூன் சோதனை காட்டிய தன்மையை அது நேரே சொல்கிறது.

மேலைநாட்டு வல்லுநர்களுக்கும் இச்சிக்கல் இருந்தது. செயற்பாட்டுக் கோளாறு என்று பொருள்படும் பழைய பெயர் நோயாளிகளின் காதில் ‘நோயில்லை’ என்றே விழுந்ததால், 2016இல் வெளியான நான்காம் ரோம் வரையறை இவற்றைக் குடல்–மூளை ஊடாட்டக் கோளாறுகள் என்று மறுபெயரிட்டது. மருந்துகளையும் மனச்சோர்வு மருந்து என்று அழைக்காமல், குடல்–மூளை நரம்பொழுங்கி என்று பொருள்படும் பெயரால் குறிக்கும் வழக்கம் பரவிவருகிறது. தமிழ்நாட்டில் அமிட்ரிப்டிலினுக்கு வழங்கும் பெயர் ‘தூக்க மாத்திரை’ அல்லது ‘நரம்பு மாத்திரை’. முதற்பெயர் அச்சத்தைத் தருகிறது. இரண்டாவது எதையும் விளக்குவதில்லை. காய்ச்சலுக்கு உண்ட ஆஸ்பிரினையே சிறிய அளவில் இதயத்துக்கும் உண்கிறோம் என்பதைத் தமிழ் நோயாளிகள் நன்கு அறிவர். அதே முறையில், பெரிய அளவில் மனச்சோர்வுக்கும் சிறிய அளவில் குடல் நரம்புக்கும் ஆகும் மருந்து என்று அமிட்ரிப்டிலினை விளக்குவது கடினமன்று.

அட்லாண்டிஸ் ஆய்வில் நோயாளிகளிடம் ஒரு தாள் தரப்பட்டது. எந்த அறிகுறிக்கு மருந்தின் அளவைக் கூட்டுவது, எதற்குக் குறைப்பது என்பதைப் பார்த்துத் தாமே அளவை மாற்றிக்கொள்ள அது வழிகாட்டியது. பொது மருத்துவர்களின் கண்காணிப்பில், அவர்களுடைய நேரத்தை மிகுதியாக எடுத்துக்கொள்ளாமல் அது நடைபெற்றது. அத்தகைய தாளைத் தமிழில் ஆக்க முனைவோர், மாத்திரையின் அளவுகளை எழுதுமுன் அதன் தலைப்பில் நோய்க்கு என்ன பெயர் எழுதுவது என்பதை முடிவு செய்ய வேண்டியிருக்கும்.